பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

வண்டி வயரிங்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பத்து, பதினைந்து வருஷம் ஓடிய பிக்கப் வண்டிகளைப் பற்றியவை. அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு சாமானை மாற்றிப் பார்த்து, காசும் செலவழித்து, கோளாறு போகாமல்தான் எழுதியிருக்கிறார்கள். வயசான வண்டியில் சாமான் கெடுவதைவிட இணைப்பு கெடுவதுதான் அதிகம். நாமக்கல்லில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் தினமும் நான் பார்ப்பது இதைத்தான். அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, 2010 மாடல் பிக்கப். மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் லோடு அடிக்கிறேன். ராத்திரி பார்க்கிங் லைட் எரியும்போது பிரேக் மிதித்தால் பின்னால் எல்லாமே அணைந்துபோகிறது, இண்டிகேட்டர் மட்டும் மங்கலாக எரிகிறது. இடது பக்க இண்டிகேட்டர் போட்டால் வலது பக்கமும் சேர்ந்து மினுக்குகிறது. ஃப்ளாஷர், பிரேக் சுவிட்ச் இரண்டும் மாற்றியாகிவிட்டது. இப்போது வயரிங் முழுதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா? (ஒரு வாசகர், மண்டபம்)

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் வயரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்க லைட்டுகளின் எர்த் போய்விட்டது, அவ்வளவுதான்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் கரண்ட் பல்பில் எரிந்துவிட்டு பாடி வழியாக நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் அந்த வழிக்குத்தான் எர்த் என்று பெயர். பின்பக்க லைட் செட் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கறுப்பு வயர் சேசிஸில் ஒரு போல்ட்டில் முடிகிறது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுவது அந்த இடத்தில்தான். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வயர் நுனியில் இருக்கும் லக்குக்கும் (வளையத் தகடு) சேசிஸுக்கும் நடுவே துரு ஏறி, போல்ட் வெளிப்பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே கரண்ட் போக வழி இருக்காது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பக்கத்து வயலில் உடைத்துக்கொண்டு பாயும் அல்லவா, அதே கதைதான். பிரேக் பல்புக்கு வந்த கரண்ட் எர்த் கிடைக்காமல் இண்டிகேட்டர் பல்பைத் தலைகீழாகக் கடந்து, முன்பக்க இண்டிகேட்டர் வரை போய் அங்கே இருக்கும் நல்ல எர்த்தைப் பிடிக்கிறது. இரண்டு பல்பு வழியாகப் போவதால் மங்கலான வெளிச்சம். பார்க்கிங்கும் பிரேக்கும் ஒரே கண்ணாடிக்குள் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழைகள். இரண்டுக்கும் பாசிட்டிவ் வந்து, திரும்பிப் போக வழி இல்லாததால் இரண்டுமே அணைகின்றன. இடது இண்டிகேட்டருக்கு வலதும் மினுக்குவதற்குக் காரணமும் அதே பொது எர்த்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். நீளமான வயர் ஒன்றின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் பிடித்து, மறு முனையை பின்பக்க லைட்டின் எர்த் வயரில் தொட்டுப் பிடியுங்கள். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். எல்லா லைட்டும் ஒழுங்காக எரிந்தால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் சிவப்பு முனையை லைட்டின் எர்த்திலும் வைத்து பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 3, 4 வோல்ட் காட்டினால் அத்தனையும் அந்தத் துருவில் வீணாகிறது என்று அர்த்தம்.

சரிசெய்யும்போது போல்ட்டை மேலோட்டமாக இறுக்கிவிட்டு விடாதீர்கள். முழுதாகக் கழற்றி, சேசிஸில் அந்த இடத்தை இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வயர் நுனியை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளபளவென்று சிவப்புச் செம்பு தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போங்கள். உப்பு, வயர் உறைக்குள்ளேயே ஒரு சாண் தூரம் ஏறியிருக்கும். புது லக் போட்டு நெருக்கி, ஈயம் வைத்து, முறுக்கி இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். உங்கள் தொழிலுக்கு இதுவும் போதாது. இரண்டு லைட் செட்டிலிருந்தும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு ஒரு டியூப் மாட்டி, லைட்டையும் போல்ட்டையும் தாண்டி இறங்கும்படி செய்யுங்கள். லோடு இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ராத்திரியில் பிரேக் லைட் இல்லாமல் மீன் வண்டி போகும் வேகத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. இதை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப். சாவி திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், செல்ஃப் சுற்ற மாட்டேன் என்கிறது. நாலு முறை திருப்பினால் ஒருமுறை எடுக்கும். புது பேட்டரி போட்டேன், செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிட்டேன். பழையபடிதான். தள்ளிவிட ஆள் தேட வேண்டியிருக்கிறது. (ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம் அருகே)

பதில்: நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். நாலைந்து முறை சாவி திருப்பிய பிறகு ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே செம்புப் பின்னலில் ஒரு பட்டை இருக்கும், அல்லது பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த கேபிள் ஒன்று கியர் பாக்ஸில் முடியும். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை இற்றுப்போய் நாலு இழை மட்டும் மிச்சமிருந்தால், கரண்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பிலெல்லாம் ஏறும். கேபிள் உறை உருகிப் புகை வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கேபிள் சரக்கு மட்டம் என்று அதை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஏதாவது ஒரு போல்ட்டிலும் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். சட்டென்று சுற்றினால் புது எர்த் பட்டை ஒன்றுதான் உங்களுக்குத் தேவை. மீட்டரில் பார்ப்பதானால் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கட்டையில், சிவப்பு முனை இன்ஜினில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பட்டை சரியாக இருந்தால் அடுத்தது பாசிட்டிவ் பக்கம். பேட்டரி பாசிட்டிவ் கட்டையிலும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் முனைகளை வைத்து அதே சோதனை.

ஒரு விஷயம் கவனியுங்கள். மீட்டர் முனையை பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள். கட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவே வெள்ளையாகப் பூத்திருப்பதே பல சமயம் முழுக் கோளாறும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உட்புறம் உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் தீர்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் நன்றாக இருந்தால் சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டுக்கு (மின்காந்த சுவிட்ச்) வரும் சின்ன வயரைப் பாருங்கள். பழைய வண்டியில் சாவி சுவிட்ச் தேய்ந்து, அங்கே 12 வோல்ட்டுக்குப் பதில் 8, 9 வோல்ட்தான் வந்து சேரும். நடுவில் ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், போட்டால் போதும்.

கேள்வி: கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு கேரட் லோடு. வண்டியை இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி செத்துப்போகிறது. ஒரே வருஷத்தில் இரண்டாவது பேட்டரி. தினமும் ராத்திரி டெர்மினலைக் கழற்றி வைக்கிறேன். குளிர்தான் காரணமா ஐயா? (ஒரு வாசகர், நீலகிரி)

பதில்: குளிருக்கும் பங்கு உண்டு. உறைபனி விழும் காலையில் பேட்டரியின் பலம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். ஆனால் குளிர் பேட்டரியைக் காலி செய்யாது. டெர்மினலைக் கழற்றி வைத்தால் காலையில் எடுக்கிறது என்றால், வண்டியில் ஏதோ ஒன்று ராத்திரி முழுதும் கரண்ட் குடிக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது பேட்டரி வாங்காதீர்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள். கேபின் லைட் எரியாதபடி கதவை மூடுங்கள். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு 5 வாட் பார்க்கிங் பல்பை வையுங்கள். பல்பு கண்ணுக்குத் தெரியும்படி எரிந்தால் பெரிய கசிவு. எரியாவிட்டால் பல்பை எடுத்துவிட்டு, மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகி அதே இடத்தில் வையுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டரின் உள் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும். பழைய பிக்கப்பில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர்தான் போகும். அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர். 75 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளில் பாதி காலி. கேத்திக் குளிரில் பாதி பேட்டரி டீசல் இன்ஜினைச் சுற்றாது.

இனி ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்குங்கள். எந்த ஃப்யூஸை எடுத்ததும் எண் விழுகிறதோ, கசிவு அந்த வரிசையில்தான். எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் விழவில்லை என்றால் இரண்டு இடங்கள் பாக்கி. ஒன்று, பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர்கள்: பாட்டுப் பெட்டி, ஜிபிஎஸ், போன் சார்ஜர், சாமி படத்துக்கு முன்னால் எரியும் கலர் லைட். முன்பு வண்டி வைத்திருந்தவர் என்னென்ன இழுத்தார் என்று உங்களுக்கே தெரியாது. டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னொன்று, நம் ஊரில் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர். அதன் உள்ளே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று கெட்டால் பேட்டரியிலிருந்து கரண்ட் அதற்குள் பின்னோக்கி ஓடும். இதற்கு மீட்டர்கூட வேண்டாம். டெர்மினலை மாட்டியபடியே ஒரு ராத்திரி விட்டு, விடிகாலையில் இன்ஜினைத் தொடுங்கள், ஜில்லென்று இருக்கும். ஆல்டர்னேட்டரைத் தொடுங்கள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு கசிகிறது. கேத்தி போன்ற ஊரில் அந்தச் சூடு கைக்கு நன்றாகவே தெரியும்.

கசிவை அடைத்த பிறகு இப்போதைய பேட்டரியை மெதுவாக முழு சார்ஜ் ஏற்றுங்கள், அதன் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில். ஏற்றி, ஒரு ராத்திரி தனியாக வைத்து, காலையில் 12.6 வோல்ட் நின்றால் பிழைத்துக்கொண்டது. 12.2-க்கு இறங்கினால் அடிக்கடி செத்துச் செத்து உள்தகடு போய்விட்டது.

கேள்வி: அப்பா ஓட்டிய மினி டெம்போவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சார்ஜிங் லைட் அணையாமல் மங்கலாக எரிகிறது. டைனமோ போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிக் காட்டினார்கள், வண்டி நின்றுவிட்டது. உண்மையிலேயே மாற்ற வேண்டுமா ஐயா? (ஒரு வாசகி, கரூர்)

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்ற இனி யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தக் காலத்து நிஜ டைனமோவில் செய்த சோதனை அது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்ட்டேஜ் திடீரென்று எகிறி, நன்றாக இருக்கும் டயோடையும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அடித்துவிடும். கோளாறு இல்லாத இடத்தில் கோளாறு உண்டாக்கும் வேலை. எத்தனை பேர் தடுத்துச் சொன்னாலும் இந்தப் பழக்கம் பட்டறைகளை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சரியான சோதனை எளிது. இன்ஜின் நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பாருங்கள். 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால், அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில் அளந்து பாருங்கள். அங்கே 14, பேட்டரியில் 12.5 என்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் வயரோ லக்கோ கருகியிருக்கிறது. இரண்டு இடத்திலும் குறைவு என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சம் என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் ஓடிய வண்டியில் அது தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு நிற்கும். பிரஷ், ரெகுலேட்டர் எல்லாம் தனியாகவே கிடைக்கும். முழு ஆல்டர்னேட்டர் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். லைட் மங்கலாக எரிவது டயோடு கெட்டதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். அப்படியானால் டயோடு தட்டை மட்டும் மாற்றலாம்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். பல பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன சார்ஜிங் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. அந்த பல்பு தொந்தரவு என்று யாராவது பிடுங்கிவிட்டால், சார்ஜ் ஏறுவதே நின்றுபோகலாம்.

கேள்வி: குழியில் இறங்கினால் இன்ஜின் சட்டென்று நின்றுபோகிறது. உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பழைய டீசல் பிக்கப். டீசல் லைனைச் சுத்தம் செய்தாகிவிட்டது. (ஒரு வாசகர், பெருந்துறை)

பதில்: பழைய டீசல் பம்பில் ஸ்டாப் சோலனாய்டு என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதற்கு 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும் வரைதான் டீசல் போகும். அந்த வயர் ஒரு நொடி விட்டாலும் இன்ஜின் நின்றுவிடும். சாவியை ஆன் செய்யும்போது பம்ப் பக்கம் டக் என்று சத்தம் கேட்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஃபேனிலிருந்து கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு அந்த வயரை ஆட்டுங்கள், பிறகு சாவிக்கொத்தை ஆட்டுங்கள். எதை ஆட்டும்போது இன்ஜின் தடுமாறுகிறதோ அங்கே கோளாறு. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். அந்தக் கனமே சாவி சுவிட்சைத் தேய்த்துவிடும்.

கேள்வி: ஹெட்லைட் மங்கல். 100 வாட் பல்பு போடலாமா? (ஒரு வாசகர், ராசிபுரம்)

பதில்: போடாதீர்கள். எதிரே வருபவர் கண் கூசும், உங்கள் சுவிட்சும் உருகும். உங்கள் வண்டிக்கு வந்தது 60/55 வாட். ஹை பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர். 100 வாட் போட்டால் அது 16-க்கு மேல் போகும். இன்ஜின் ஓடும்போது பல்பு ஹோல்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து ஹோல்டரில் 12.4 என்றால் குறைவு 10 சதவீதம்தான், ஆனால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸுடன் நேர் வயர் கொடுங்கள். பழைய 60 வாட் பல்பிலேயே ரோடு தெரியும்.

கேள்வி: பார்க்கிங் லைட் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. டிரைவர் ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பி சுற்றிவிட்டார். இப்போது போவதில்லை, ஆனால் சில சமயம் ரப்பர் கருகும் வாசனை வருகிறது. (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: இதைப் படித்தவுடன் வண்டியை நிறுத்தி அந்தக் கம்பியை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு மீதியைப் படியுங்கள்.

ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் எங்கோ உரசி இரும்பைத் தொடுகிறது. ஃப்யூஸ் போய்ப் போய் அதைத்தான் சொன்னது. கம்பி சுற்றியதும் ஃப்யூஸ் எரிவதற்குப் பதில் வயர் எரிகிறது. என் பட்டறைக்கு இப்படி வந்த ஒரு வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றியபோது, பதினைந்து இருபது வயர் உருகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. எது எந்த நிறம் என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு வயரின் செம்பு நீலம் பாரித்திருந்தது. டீசல் ரிட்டர்ன் டியூப் அதற்கு ஒரு சாண் தூரத்தில். கேபினில் தூங்கிக்கொண்டிருப்பவர் என்ன ஆவார் என்று உங்கள் டிரைவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கண்டுபிடிக்கும் வழி இது. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை மாட்டுங்கள். பார்க்கிங் சுவிட்சை ஆன் செய்து, பார்க்கிங் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நம்பர் பிளேட் பல்பு, மீட்டர் போர்டு பல்பு உட்பட. இப்போதும் 21 வாட் பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் அந்த நொடியில் இருக்கிறது. பல்பு கரண்டைக் கட்டுப்படுத்துவதால் வயர் சூடாகாது, நிதானமாகத் தேடலாம். வயர்க் கட்டை முன்னாலிருந்து பின்னால் வரை பிடித்து ஆட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அல்லது மினுக்குகிறதோ, அங்கே நில்லுங்கள். பிக்கப்பில் நான் முதலில் பார்ப்பது லோடு பாடிக்கு அடியில் வயர் சேசிஸின் குறுக்குச் சட்டத்தைக் கடக்கும் இடம். பாடியை உயர்த்தியோ நீட்டியோ கட்டிய வண்டியில் வெல்டிங் பொறி விழுந்து உறை உருகியிருக்கும். அடுத்தது பின்பக்க லைட்டுக்குள் நுழையும் ஓட்டை; அங்கே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் காணாமல் போயிருக்கும்.

வெறும் டேப் சுற்றி மூடாதீர்கள். அடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது வயர் ஒட்டி, ஈயம் வைத்து, சுருங்கும் டியூப் போட்டு, மேலே நெளிகுழாய் மாட்டி, சட்டத்தில் உரசாதபடி கிளிப் அடியுங்கள். ஃப்யூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் ஆம்பியரையே போடுங்கள். தகடு ஃப்யூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 போட்டால் அதுவும் பாதி செம்புக் கம்பிதான். கருகிய வாசனை ஏற்கெனவே வந்திருப்பதால், ஷார்ட் கிடைத்த பிறகும் டேஷ்போர்டைக் கழற்றி அந்த வயர் போகும் பாதை முழுவதும் உறை மெதுமெதுப்பாகவோ பளபளப்பாகவோ ஆகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அப்படி இருக்கும் துண்டையெல்லாம் மாற்றிய பிறகே வண்டியை லோடுக்கு அனுப்புங்கள்.